இரவல் நிலத்தில் ஒரு குளம்

1925-ஆம் ஆண்டின் குளிர்காலம். லண்டன் நகரின் நடுவே இருக்கும் கென்சிங்டன் தோட்டத்தில் 21 வயது இளைஞர் ஒருவர், தன் சகோதரரோடு சேர்ந்து சிட்டுக்குருவிகளை எண்ணிக் கொண்டிருந்தார். வேலை வெட்டி இல்லாதவர் என்றுதான் வழிப்போக்கர்கள் நினைத்திருப்பார்கள். எண்ணி முடித்தபோது கணக்கு 2603. அந்த இளைஞரின் பெயர் மேக்ஸ் நிக்கல்சன்.

எண்ணிய பழக்கம் அவரை விடவில்லை. பறவை ஆராய்ச்சியாளர் ஆனார். இரண்டாம் உலகப் போரில் கப்பல் போக்குவரத்துத் துறை அதிகாரியாக இருந்து, யால்டா, போட்ஸ்டாம் மாநாடுகளுக்குச் சென்ற பிரிட்டிஷ் குழுவிலும் இடம் பெற்றார். 1952 முதல் 1966 வரை பிரிட்டன் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்குத் தலைமை இயக்குநர். 1961-இல் உலக வனவிலங்கு நிதியம் (பாண்டா கரடிச் சின்னம் போட்டிருக்குமே, அதேதான்) தொடங்கியவர்களில் ஒருவர். இத்தனையும் செய்துவிட்டு, எழுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் கையில் எடுத்த காரியம்தான் விசித்திரம். டவர் பாலத்துக்குப் பக்கத்தில், லாரிகள் நிறுத்தும் இடத்தில், குளம் வெட்டக் கிளம்பினார்!

அந்தக் குளத்தின் கதையும், அதை வெட்டி, பார்த்துக்கொண்டு, கடைசியில் பறிகொடுத்த தன்னார்வலர்களின் கதையும்தான் இது.

பூங்கா என்றதும் நம் மனதில் வருவது என்ன? சீராக வெட்டிய புல்தரை, வட்ட வட்டமான பூப்பாத்தி, சிமெண்ட் பெஞ்சு, "புல்லை மிதிக்காதீர்கள்" என்ற பலகை. இந்த வடிவம் நம் ஊருக்கு வந்ததே இங்கிலாந்திலிருந்துதான். கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்கா 1845-இல் திறக்கப்பட்டது. நெரிசலிலும் புகையிலும் வாடிய தொழிலாளர்கள் நல்ல காற்று வாங்கட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தப் பூங்காக்களில் தானாக முளைப்பது எல்லாம் களை. விதைத்தது மட்டுமே செடி. காவலாளியும் விதிமுறைகளும் உண்டு. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், மண்வெட்டியைத் தொட முடியாது.

தானாக முளைப்பதற்கு மதிப்பு உண்டு என்று லண்டன்காரர்களுக்குக் காட்டியது, வேடிக்கை என்னவென்றால், ஜெர்மன் குண்டுகள்தான். 1940-41 வான் தாக்குதலில் தெருத்தெருவாக இடிந்தது. அடுத்த கோடையிலேயே இடிபாடுகளின் மேல் ஊதாநிறப் பூக்கள் படர்ந்தன. ரோஸ்பே வில்லோஹெர்ப் என்ற செடி அது. நம் எருக்கம் பஞ்சு மாதிரி அதன் விதைக்கும் பஞ்சு உண்டு. காற்றில் எங்கேயும் போகும், எரிந்த மண் என்றால் கொண்டாட்டம். மக்கள் அதற்கு "குண்டுச்செடி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிளாக் ரெட்ஸ்டார்ட் என்ற அரிய சின்னப் பறவை இடிந்த சுவர்களின் பொந்துகளில் கூடு கட்டியது. ரிச்சர்ட் ஃபிட்டர் என்பவர் 1945-இல் லண்டனின் இயற்கை வரலாறு பற்றி எழுதிய நூலில் இதையெல்லாம் பதிவு செய்தார். இது புதிதும் அல்ல. 1666-இல் லண்டன் தீப்பிடித்து எரிந்தபோதும், சாம்பல் மேட்டில் கடுகு இனத்துச் செடி ஒன்று மண்டியது. அதற்கு இன்றைக்கும் "லண்டன் ராக்கெட்" என்றுதான் பெயர்.

போர் முடிந்து கட்டடங்கள் வந்ததும் குண்டுச்செடி பின்வாங்கியது. அடுத்த வாய்ப்பை உண்டாக்கியவை கண்டெய்னர் கப்பல்கள். பெரிய கப்பலுக்கு ஆழமான நீர் வேண்டும். தேம்ஸ் நதியின் மேல்பகுதியில் இருந்த பழைய துறைகளுக்குள் அவற்றால் நுழைய முடியவில்லை. செயின்ட் கேதரின் துறை 1968-இல் மூடப்பட்டது. எதிர்க்கரையிலும் கிடங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நூறு வருஷமாகத் தேயிலையும் வெண்ணெயும் இறங்கிய கரையில் பூட்டுத் தொங்கியது. என்ன கட்டுவது என்று நிலச் சொந்தக்காரர்கள் யோசித்து முடிப்பதற்குள் ஐந்து வருஷம், பத்து வருஷம் ஓடிவிடும். அதுவரை லாரி நிறுத்துவார்கள், அல்லது வெறுமனே வேலி போட்டு வைப்பார்கள்.

அந்த இடைவெளியைத்தான் நிக்கல்சன் பிடித்துக்கொண்டார். 1977 எலிசபெத் அரசி அரியணை ஏறியதன் வெள்ளிவிழா ஆண்டு. லண்டன் கொண்டாட்டங்களின் சுற்றுச்சூழல் குழுவுக்கு அவர்தான் தலைவர். சும்மா கிடக்கும் நிலத்தைச் சில வருஷங்களுக்கு இரவலாகக் கொடுங்கள், நீங்கள் கேட்கும்போது திருப்பித் தருகிறோம் என்பது அவர் முன்வைத்த யோசனை. டவர் பாலத்துக்கு அருகே, தென்கரையில், சுமார் 2 ஏக்கர் கிடைத்தது. ஒரு நடுத்தரப் பள்ளிக்கூட மைதானத்தின் அளவு, அவ்வளவுதான். இதற்கென்றே ஒரு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. 1977-இல் "வில்லியம் கர்ட்டிஸ் சூழலியல் பூங்கா" பிறந்தது. பிரிட்டனில் நகரத்துக்குள் உருவான முதல் சூழலியல் பூங்கா என்று இதைத்தான் சொல்வார்கள்.

யார் இந்தக் கர்ட்டிஸ்? 18-ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் (1746-1799). லண்டனைச் சுற்றிக் காடுமேட்டில் தானாக வளரும் செடிகளை எல்லாம் படம் வரைந்து பெரிய நூலாகக் கொண்டுவந்தார். அற்புதமான படங்கள், விற்பனை மந்தம். பிறகு 1787-இல் பணக்காரர் வீட்டுத் தோட்டங்களில் வளரும் அயல்நாட்டு அலங்காரப் பூக்களுக்காக ஒரு இதழ் தொடங்கினார். அது பிய்த்துக்கொண்டு போனது. முதலாவது பாராட்டைத் தந்தது, இரண்டாவது சாப்பாட்டைத் தந்தது என்று அவரே சொல்லிக்கொண்டதாகக் கதை. அந்த இதழ் 200 ஆண்டுகளைத் தாண்டி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பூங்காவுக்கு வைத்த பெயர் பொருத்தம்தான். சாப்பாடு போடாத செடிகளுக்கான இடம் அல்லவா அது.

சரி, லாரி நிறுத்துமிடத்தை எப்படித் தோட்டமாக்குவது? நல்ல வளமான மண்ணாகக் கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் நேர்மாறாகச் செய்தார்கள். இறுகிப்போன தரைமேல் சத்தில்லாத அடிமண்ணையும் கட்டட இடிபாட்டையும் பரப்பினார்கள். காரணம் எளிமையானது. உரமேறிய மண்ணில் முரட்டுப் புல்லும் காஞ்சொறியும் வேகமாக எழுந்து மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மண் ஏழையாக இருந்தால் எந்தச் செடியாலும் அதிகாரம் செய்ய முடியாது. அதனால் பல வகைப் பூச்செடிகள் பக்கத்தில் பக்கத்தில் பிழைத்துக்கொள்ளும். உடைந்த செங்கல்லிலும் சுண்ணாம்புக் காரையிலும் வளர்வதற்கென்றே சில செடிகள் இருக்கின்றன. போர்க்கால இடிபாடுகள் கற்றுக்கொடுத்த பாடம் இங்கே தோட்டக்கலையாக மாறியது.

பிறகு குளம். பூங்காவின் உயிரே அதுதான். நகரத்தில் தண்ணீர் தேங்கினால் போதும், தேடிக்கொண்டு வந்துவிடும் பூச்சிகள் ஏராளம். தும்பி பறந்து வரும், நீர்ப்பூச்சிகள் இரவில் பறந்து இறங்கும். தவளைக்கு மட்டும் தார்ச்சாலைகளையும் வீடுகளையும் தாண்டி வருவது சிரமம் என்பதால், இப்படிப்பட்ட குளங்களுக்கு முட்டைகளை வேறு குளத்திலிருந்து கொண்டுவந்து விடுவது வழக்கம்.

இதில் வேலை செய்தவர்கள் யார் என்று பார்த்தால், இன்னொரு சிறிய வரலாறு கிடைக்கிறது. பிரிட்டனில் இயற்கைப் பாதுகாப்புக்காக இளைஞர்களைத் திரட்டிக் கைவேலை செய்ய வைத்தது 1959-இல். லண்டனுக்குத் தெற்கே பாக்ஸ் ஹில் என்ற குன்றில் புதர்களை வெட்டிப் புல்வெளியை மீட்க 42 பேர் போனார்கள். பின்னாளில் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற தாவரவியலாளர் டேவிட் பெல்லமி அவர்களில் ஒருவர். அன்றைக்கு எண்ணம் இதுதான்: இயற்கை ஊருக்கு வெளியே இருக்கிறது, ரயிலேறிப் போய்க் காப்பாற்றிவிட்டு ஞாயிறு மாலை வீடு திரும்ப வேண்டும். அதே மண்வெட்டியைத் தன் தெருவிலேயே பிடிக்கலாம் என்பது உறைக்க ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று.

தெருவிலேயே பிடித்தவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல. ஓய்வு பெற்றவர்கள், மாணவர்கள், பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்தவர்கள். 1980-களில் பிரிட்டனில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்ததால், அரசின் தற்காலிக வேலைத் திட்டங்களில் சேர்ந்த இளைஞர்களும் இப்படிப்பட்ட தோட்டங்களில் நிறையப் பேர் வேலை செய்தார்கள்.

காட்டுத் தோட்டம் என்றால் அப்படியே விட்டுவிடலாமே, அதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியே விட்டால் பத்து வருஷத்தில் முட்புதரும் மரமும் மூடி, குளம் இலைச்சருகால் தூர்ந்து, எல்லாம் ஒரே நிழலாகிவிடும். பூவும் தும்பியும் போய்விடும். ஆகவே வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. கோடையின் முடிவில், விதை உதிர்ந்த பிறகு, புல்வெளியை அறுக்க வேண்டும். அறுத்ததை அங்கேயே போட்டால் மக்கி மண்ணுக்கு உரமாகிவிடும். வாரி வெளியே எடுத்தாக வேண்டும். மொத்தத்தையும் ஒரே நாளில் அறுக்கவும் கூடாது, பூச்சிகள் ஒதுங்கக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிக் குளத்துச் செடிகளை வாரிக் கரையில் போடுவார்கள். உடனே அள்ளிக்கொண்டு போகமாட்டார்கள். ஒரு ராத்திரி கரையோரமே கிடக்கும். அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தையும் தும்பிக் குஞ்சும் ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பிவிடும். குளிர்காலத்தில் வில்லோ மரங்களை அடியோடு வெட்டுவார்கள், வசந்தத்தில் மறுபடி துளிர்ப்பதற்காக. இதற்கு நடுவில் யாராவது நல்லெண்ணத்தோடு வீட்டுத் தொட்டியிலிருந்து தங்கமீனைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அது தவளைக் குஞ்சை எல்லாம் தின்றுவிடும், பிடித்து எடுக்க வேண்டும். குப்பை பொறுக்குவது தனி, அதற்குக் காலம் கிடையாது.

பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்தார்கள். சுற்றிலும் காலிக் கிடங்குகள், அந்தப்பக்கம் டவர் பாலம், நடுவில் வலையைக் குளத்தில் விட்டு எடுத்து வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்கும் பிள்ளைகள். முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குளத்தைப் பார்க்க அவர்களைப் பஸ் வைத்துக் கிராமத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இரவல் இரவல்தானே. 1985-இல் சொந்தக்காரர்கள் நிலத்தைக் கேட்டார்கள், சொன்னபடி திருப்பிக் கொடுக்கப்பட்டது. எட்டு வருஷம்! போராட்டம் நடத்த வழியில்லை, கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. ஆற்றங்கரை முழுக்க அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. அந்தப் பகுதியில்தான் 2002-இல் லண்டன் மாநகர நிர்வாகத்தின் கண்ணாடிக் கட்டடம் திறக்கப்பட்டது. அந்த நிர்வாகமும் 2021-இல் வேறு இடத்துக்குப் போய்விட்டது. குளம் இருந்ததற்கான அடையாளம் அங்கே எதுவும் இல்லை.

அறக்கட்டளை சோர்ந்துவிடவில்லை. கிழக்கே ராதர்ஹைத் பகுதியில், தூர்க்கப்பட்ட பழைய கப்பல் துறையின் மேல், ஸ்டேவ் ஹில் சூழலியல் பூங்காவை உருவாக்கியது. வில்லியம் கர்ட்டிஸ் பூங்காவுக்கு வாரிசு என்று அதைச் சொல்லலாம். 1959-இல் பாக்ஸ் ஹில்லுக்குப் போன அந்தத் தன்னார்வல இயக்கத்தின் இன்றைய அமைப்புதான் அதை இப்போது பராமரிக்கிறது. வட்டம் முழுமையாகிவிட்டது என்று தோன்றும்.

இருந்தாலும் நிக்கல்சனின் யோசனையில் ஒரு சிக்கல் இருந்ததை மறைப்பதற்கில்லை. "தற்காலிகம்" என்ற ஒரு சொல்தான் அந்த நிலத்தை வாங்கித் தந்தது. அந்தச் சொல் இல்லாவிட்டால் லண்டன் நடுவில் 2 ஏக்கரை யார் கொடுத்திருப்பார்கள்? ஆனால் அதே சொல், இயற்கையைப் பெட்டி படுக்கையோடு கிளப்பி வேறு இடத்தில் குடிவைத்துவிடலாம் என்ற நினைப்பையும் வளர்த்தது. லாரி நிறுத்துமிடத்தில் ஒரே வருஷத்தில் தோட்டம் போட முடியும் என்று நிரூபித்துவிட்டீர்களே, அப்படியானால் இதை இடித்துவிட்டு இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள் என்று எந்தக் கட்டட முதலாளியும் கேட்கலாம். பதில் சொல்வது கஷ்டம். ராதர்ஹைத் குளத்துக்குப் புதுத் தவளைகள் கிடைத்தது உண்மை. டவர் பாலத்துப் பிள்ளைகளுக்குக் குளம் போனது போனதுதான்.

அடுத்து வந்த தன்னார்வலர்கள் இதைப் புரிந்துகொண்டதாகத் தெரிகிறது. அவர்கள் மண்வெட்டியோடு சட்டத்தையும் கையில் எடுத்தார்கள்.

மேற்கு லண்டனின் சிஸ்விக்கில், மூன்று ரயில் பாதைகளுக்கு நடுவே சுமார் 6 ஏக்கர் முக்கோண நிலம். பல வருஷம் யாரும் கைவைக்காததால் பிர்ச் மரக்காடாகத் தானே வளர்ந்திருந்தது. 1980-களின் தொடக்கத்தில் ரயில்வே அதில் கட்டடங்கள் வர ஏற்பாடு செய்தபோது அக்கம்பக்கத்தார் குழுவாகச் சேர்ந்து எதிர்த்தார்கள். 1983-இல் பொது விசாரணை நடந்தது. என்னென்ன செடி, என்னென்ன பறவை என்று பட்டியல் போட்டுச் சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு காட்டின் பக்கம் வந்தது! ஊருக்குள் இருக்கும் சாதாரண காட்டுத்துண்டுக்காக, அது அக்கம்பக்கத்து மக்களுக்கும் உயிர்களுக்கும் பயன்படுகிறது என்ற காரணத்துக்காகவே கட்டட அனுமதி மறுக்கப்பட்டது அன்றைக்குப் பெரிய விஷயம். கன்னர்ஸ்பரி முக்கோணம் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது.

இன்னொன்று கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தின் பின்புறம், ரீஜண்ட் கால்வாயின் கரையில். ஒரு காலத்தில் ரயிலில் வந்த நிலக்கரியைக் கொட்டி வைத்த முற்றம். கரி வியாபாரம் முடிந்ததும் பாழாகக் கிடந்து, செடி மண்டிப்போனது. லண்டன் மாநகர மன்றம் அதை 1981-இல் வாங்கியபோது, வாகனம் நிறுத்தத்தான் திட்டம் போட்டிருந்தது. (லண்டனில் சும்மா கிடக்கும் நிலத்தைப் பார்த்தால் அதிகாரிகளுக்கு வண்டி நிறுத்துவதைத் தவிர வேறு எதுவும் தோன்றாது போலும்!) அதே 1981-இல் தொடங்கிய லண்டன் வனவிலங்கு அறக்கட்டளை அதைக் கேட்டுப் போராடி வாங்கியது. குளம் வெட்டினார்கள், நாணல் நட்டார்கள். டவர் பாலத்துக் குளம் போன அதே 1985-இல் கேம்லி தெரு இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. இதுவும் 2 ஏக்கர்தான். அடுத்த வருஷம் மார்ச் 31-உடன் மாநகர மன்றமே கலைக்கப்பட்டுவிட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஆபத்து மூன்றே வருஷத்தில் வந்தது. பிரான்சுக்குக் கடலடிச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ரயில்களுக்காகக் கிங்ஸ் கிராஸில் புதிய நிலையம் கட்ட 1988-இல் நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. சுற்றியிருந்த நிலமெல்லாம் கணக்கில் சேர்ந்தது, தோட்டமும் தப்பவில்லை. இந்த முறை "கேட்டால் தருகிறோம்" என்று யாரும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. தன்னார்வலர்களும், அங்கே வந்து பழகிய பள்ளிகளும், அக்கம்பக்கத்தாரும் எதிர்த்தார்கள். அவர்களால் மட்டும் அந்தத் திட்டம் நின்றது என்று சொன்னால் மிகை. செலவுக் கணக்கும் அரசியலும் சேர்ந்தே அதைக் கவிழ்த்தன. 1990-களில் திட்டம் பக்கத்திலிருந்த செயின்ட் பாங்கரஸ் நிலையத்துக்கு மாறியது. அங்கிருந்து 2007 நவம்பரில் பாரிஸ் ரயில் கிளம்பியபோது, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே தோட்டம் இருந்தது. ஆனால் எதிர்ப்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்த இடைப்பட்ட வருஷங்களில் யாரும் அதை விட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

நிக்கல்சன் 2003-இல், 98 வயதில் இறந்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, அவர் குருவி எண்ணிய 75-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 2000-இல் கென்சிங்டன் தோட்டத்தில் மறுபடியும் எண்ணினார்கள். 2603 இருந்த இடத்தில் 8. ஆமாம், எட்டே எட்டு. அந்தத் தோட்டத்தின் புல்தரைக்கும் மரங்களுக்கும் 75 ஆண்டுகளில் எந்தக் குறையும் வரவில்லை. ராஜ மரியாதையோடுதான் பராமரித்தார்கள். குருவி ஏன் போயிற்று என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லை என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

கேம்லி தெருத் தோட்டம் சில வருஷம் மூடப்பட்டு, புதிய கட்டடத்தோடு 2021-இல் மறுபடி திறந்தது. சுற்றிலும் இப்போது கண்ணாடி மாளிகைகள். அந்த வட்டாரத்தில் ஒரு சதுர அடியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். நாணலுக்குள் மீன்கொத்தி வருகிறது. தன்னார்வலர்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குளத்தில் இறங்குகிறார்கள், வாரிய பாசியைக் கரையில் போட்டுவிட்டு மறுநாள் வந்து அள்ளுகிறார்கள்.